வெளியே பூட்டிய கதவுக்குள் போன ஜெசிந்தா சிஸ்டர்

காலையில் கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது ரோஸ்லினின் குரல் பதிவு வந்தது. எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஆஸ்பத்திரி நர்ஸான ஜெசிந்தா சிஸ்டரோடு ஒரே அறையில் இருந்த இன்னொரு நர்ஸ் அவள். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம், அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். வழக்கமாகப் பாலும் முட்டையும் மேலே அனுப்பச் சொல்லித்தான் பேசுவாள். அன்று முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னாள்: "காக்கா, அக்கா போயிட்டாவ. ஆஸ்பத்திரில டூட்டி மாறுறப்பதான் பார்த்திருக்காவ. ஆக்சிஜன் அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்திருக்கு."

ஷட்டரைப் பிடித்தபடி நின்றேன். அதற்குக் கீழே, ரொட்டிக்காகக் காத்திருந்தவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. அவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். இந்தச் செய்தி வரப்போகிறது என்பது பல மாதங்களாகவே எனக்குத் தெரிந்திருந்தது. படிக்கட்டில் அவர் நின்று நின்று ஏறும் சத்தம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

குவைத்தில், ஃபர்வானியாவின் அந்தச் சந்தில் அவரோடு ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்குள்ள நம் தமிழர் சங்கத்து மலரில் அவ்வப்போது எழுதுகிறவன் என்பதால் என்னிடம் கேட்டார்கள். நான் காயல்பட்டினத்துக்காரன், தொழுகிறவன், அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவன். அவர் மணப்பாட்டுக் கடற்கரையில் பிறந்த கத்தோலிக்கர். ஊரில் எங்கள் இருவர் வீட்டுக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணம்கூடக் கிடையாது. ஆனாலும் நாங்கள் சந்தித்தது குவைத்தில்தான். அவரைப் புனிதை என்று சிலர் இப்போதே பேசத் தொடங்கிவிட்டார்கள். பிடிவாதக்காரி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன்.

அவர் என்னிடம் முதன்முதலில் நின்று பேசியது ஒரு சாக்குப் பயறின் முன்னால். அரபிகள் ஃபூல் என்று சொல்லும், பெரிய அவரை விதை போன்ற பயறு அது. காலை உணவுக்கு அதை வேகவைத்து மசித்துச் சாப்பிடுவார்கள். சாக்கிற்குள் கையை விட்டுப் பயறை அளைந்துகொண்டே சிரித்தார்.

"என்ன சிஸ்டர், விலை கூடிப்போச்சுன்னு சிரிக்கிறீங்களா?" என்றேன்.

"இல்ல காக்கா. இதப் பார்த்தா ஒரு அம்மா ஞாபகம் வருது. இத்தாலியில, எண்ணூறு வருசத்துக்கு முன்னால இருந்தாவ. வெர்தியானான்னு பேரு."

அவர் நர்சிங் படித்த இடத்தில் வயதான இத்தாலியக் கன்னியாஸ்திரி ஒருவர் இருந்தாராம். அந்தப் புனிதை அவருடைய ஊர்க்காரர். உறவினரான ஒரு பணக்கார வியாபாரியின் வீட்டை நிர்வகித்து வந்த பெண் வெர்தியானா. ஊரில் பஞ்சம் வந்தது. அந்த வியாபாரி ஒரு பெரிய பெட்டி நிறையப் பயறு வைத்திருந்தார். அதை நல்ல விலைக்குப் பேசி விற்றும் விட்டார். வாங்கியவர் எடுத்துப்போக வருவதற்குள் வெர்தியானா பெட்டியைத் திறந்து, வாசலில் நின்ற பசித்தவர்களுக்கு எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிட்டாள்.

"வித்த சரக்கைத் தூக்கிக் குடுத்தா எந்த வியாபாரிக்கும் வயிறு எரியும் சிஸ்டர்."

"எரியட்டுமே. காஞ்ச வயித்தோட சனங்க வாசல்ல நிக்கும்போது, விலை ஏறட்டும்னு அவரு பூட்டி வச்சிருந்தாரே. அதுக்கு என்ன சொல்லுதிய?"

மறுநாள் காலையில் பெட்டி மறுபடி நிறைந்திருந்தது என்று கதை முடியும் என்றார். "எல்லாரும் அதத்தான் அதிசயம்பாவ. எனக்கு முந்தின நாள்தான் காக்கா பெருசு. நாளைக்கு நெறையும்னு தெரியாமதான அந்தப் பிள்ளை குடுத்துச்சு."

அவரது பேச்சு அப்படித்தான் இருக்கும். அதிசயங்களை அவர் ஒரு ஓரமாக நகர்த்தி வைத்துவிடுவார்.

வெள்ளிக்கிழமைகளில் அவரது அறையில் பெண்கள் சிலர் கூடி ஜெபிப்பார்கள். அப்படியொரு வெள்ளிக்கிழமை தண்ணீர் கேன்களோடு மேலே போனேன். கதவு திறந்திருந்தது. வெர்தியானாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். தொலைதூரத் திருத்தலங்களுக்கு நடந்தே போய்விட்டுத் திரும்பிய வெர்தியானாவை, இனி எங்களை விட்டுப் போகாதே என்று ஊரார் கேட்டுக்கொண்டார்களாம். போகவில்லை, ஆனால் எனக்கு ஒரு அறை கட்டிக் கொடுங்கள் என்றாளாம். ஆற்றங்கரையில், ஒரு சிறு கோயிலின் பக்கச் சுவரை ஒட்டி, ஆள் படுக்கும் அளவில் ஓர் அறை கட்டினார்கள். ஊரே ஊர்வலமாக வந்து அவளை உள்ளே அனுப்பிவிட்டு, வாசலைக் கல் வைத்து அடைத்தது. ஒரு சின்ன ஜன்னல் மட்டும் விட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவள் வெளியே வரவே இல்லை.

ஏசி இரையும் சத்தம் மட்டும் கேட்டது. ரோஸ்லின்தான் கேட்டாள்: "உள்ளயே செத்துப்போனா யாருக்குக்கா தெரியும்?"

"ஜன்னல் இருக்குல்லா. குடுத்த சாப்பாடு குடுத்தபடி இருந்தா தெரிஞ்சிரும்," என்றார் ஜெசிந்தா.

தண்ணீர் கேனை இறக்கி வைத்துவிட்டுக் கடைக்கு இறங்கினேன்.

அதற்குப் பிறகு வந்த தொற்றுநோய்க் கோடையைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதலில் என் கடையில் அரிசி மூட்டைகள் காலியாயின. பிறகு எலுமிச்சை, பிறகு பினாயில். பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ஆனால் வீட்டிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அதற்குள்ளேயே ஒரு வரி சேர்ந்திருந்தது. அதை முதன்முதலில் கேட்ட நாள், போட்ட செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைக்குள்ளேயே தொழுதேன். பின்னர் ஒரு காலையில் எங்கள் பகுதியைச் சுற்றிக் கம்பி வேலி வந்துவிட்டது. வேலிக்கு வெளியே போலீஸ் வண்டி, உள்ளே நாங்கள். சந்தில் பூனைகள் மட்டும் பயமில்லாமல் நடந்தன. பகலில்கூட எந்த மாடியில் யார் இருமுகிறார்கள் என்பது தெருவில் நிற்பவனுக்குக் கேட்டது. இருமல் சத்தம் வந்த பக்கமாக எல்லோரும் அண்ணாந்து பார்ப்போம். இருமியவர் உடனே ஜன்னலைச் சாத்திவிடுவார்.

எங்கள் கட்டடத்தின் முதல் மாடியில், என் கடைக்கு நேர் மேலே, ஒரு துப்புரவுக் கம்பெனிப் பெண்களின் ஃபிளாட் இருந்தது. இலங்கைப் பெண்கள், நேபாளிகள், இரண்டு ஆந்திரக்காரிகள். அவர்களில் தில்ருக்ஷி என்ற இலங்கைப் பெண்ணுக்கு முதலில் காய்ச்சல் கண்டது. பிறகு இன்னொருத்திக்கு. பிறகு ஃபிளாட் முழுவதற்கும். கம்பெனியின் சூப்பர்வைசர் போனை எடுக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொன்னால், வருவோம், காத்திருங்கள் என்றார்கள். அவர்களும் எத்தனை இடத்துக்குத்தான் ஓடுவார்கள்.

ஒரு பிற்பகலில் படிக்கட்டில் கூச்சல் கேட்டு மேலே ஓடினேன். அதற்குள் காரியம் முடிந்திருந்தது. அந்த ஃபிளாட்டின் இரட்டைக் கதவுக் கைப்பிடிகளில் சைக்கிள் சங்கிலி ஒன்று சுற்றப்பட்டு, பூட்டுத் தொங்கியது. மாடிவாசிகள் சேர்ந்து பேசி, ஹாரிஸ் மஹ்மூதைப் பூட்ட வைத்திருந்தார்கள். ஹாரிஸ் என்றால் கட்டடக் காவல்காரர். மஹ்மூத் எகிப்தியர், யாருடைய சத்தம் பெரிதோ அவர்களுக்குக் கட்டுப்படுகிறவர். அன்று பெரிதாகச் சத்தம் போட்டவர் இரண்டாம் மாடிச் செல்வம். அரியலூர்ப் பக்கத்துக்காரர், ஏசி மெக்கானிக். மனைவி நிறைமாதமாக இருந்தாள்.

"அவளுக வெளிய வந்து படிக் கைப்பிடியப் புடிச்சா போதும் பாய், கட்டடமே காலி," என்றார் என்னிடம்.

நான் மஹ்மூதிடம் சாவியைக் கேட்டேன். "புக்ரா, புக்ரா," என்றார். நாளைக்கு, நாளைக்கு. என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அந்த நேரத்தில் ஜெசிந்தா படியேறி வந்தார். யூனிஃபார்ம் மேல் ஒரு சால்வை, முகத்தில் மாஸ்க் அழுந்திய தழும்பு. அவரது வார்டில் நோய் பரவியதால், தனியாக அறையில் இருந்துகொள் என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சங்கிலியைப் பார்த்தார். உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். பலமான தட்டல் இல்லை. உட்கார்ந்தபடி, கை எட்டிய இடத்தில் தட்டுவதுபோல் கதவின் கீழ்ப்பகுதியிலிருந்து வந்தது.

"மஹ்மூத், திற," என்றார் அரபியில்.

"சிஸ்டர், உள்ள போனீங்கன்னா வெளிய வர முடியாது. சொல்லிட்டேன்," என்றார் செல்வம்.

"வெளிய விடச் சொல்லி உன்ட்ட கேட்டனா? தனியா இருக்கணும்னுதான எனக்கும் சொல்லிருக்கு. அத இங்கயே இருந்துக்கிடுதேன்."

மஹ்மூத் திறந்தார். கதவு ஒரு பக்கம் விலகியபோது வந்த வாடையில் எல்லோரும் பின்வாங்கினோம். ஜெசிந்தா உள்ளே போனார். கதவு மூடியதும், மஹ்மூத் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். திறந்தே விடு என்று நான் சொன்னேன். என்னைவிடச் சத்தமாகப் பத்துப் பேர் பூட்டு என்றார்கள். சங்கிலி கைப்பிடிகளுக்குள் மறுபடி இழுபட்ட சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அது அடங்குமுன் உள்ளேயிருந்து அவரது குரல் வந்தது: "காக்கா, பின் சந்துக்கு வாங்க. கயிறு இருந்தா கொண்டு வாங்க. கதவப் பத்தி அப்புறம் பேசுவோம், முதல்ல தண்ணி வேணும்."

அந்த ஃபிளாட்டின் சமையலறை ஜன்னல் என் கடையின் பின்புறச் சந்துக்கு மேலே இருந்தது. கயிற்றை எறிந்தேன். ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கட்டி இறக்கினார். தண்ணீர், கஞ்சிக்கு நொய்யரிசி, எலுமிச்சை, காய்ச்சல் மாத்திரை என்று தினமும் அதில் ஏற்றி அனுப்பினேன். வாளி மேலே போகும்போது சுவரில் உரசும். அந்த உரசலும் அவர் குரலும்தான் உள்ளே உயிர் இருப்பதற்கு எனக்குக் கிடைத்த அடையாளம். சந்தில் வெயில் கொதிக்கும். கழுத்தை அண்ணாந்து நிற்பேன். அவர் ஜன்னல் விளிம்பில் கையை ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு பேசுவார்.

பயத்தை மறைக்க ஏதாவது கேட்க வேண்டுமே என்று, வெர்தியானா உள்ளே என்னதான் செய்தாள் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஜன்னல் வழியா ரெண்டு பாம்பு வந்துச்சு காக்கா. பெரிய பாம்பு. வந்தது போகல. அவிய தட்டுலயே சாப்பிடும். சாப்பாடு இல்லாத அன்னைக்கு வாலால அடிக்குமாம்."

"விரட்டலியா?"

"விரட்டல. ஊராள்ட்ட சொல்லவும் இல்ல. சொன்னா கொன்னுருவாவல்ல."

"உங்களுக்கு அந்த மாதிரி எதுவும் வரலியே?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அறைக்குள் திரும்பிப் பார்த்தார். யாரோ சிங்களத்தில் முனகுவது கேட்டது. "வாளிய இழுக்கேன் காக்கா, தள்ளி நில்லுங்க," என்றார்.

மறுநாள் நடுப்பகலில் போன் வந்தது. "காக்கா, கரண்ட் போயிருச்சு. கட்டடம் முழுக்கவா?" கடையில் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. குவைத்துக் கோடையில், ஜன்னலைத் தவிர வேறு திறப்பில்லாத ஃபிளாட்டில், காய்ச்சல்காரர்களை ஏசி இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மீட்டர் அறைக்கு ஓடினேன். அவர்களது சுவிட்ச் மட்டும் கீழே தள்ளப்பட்டிருந்தது. தூக்கிவிட்டேன். கடைக்கு வந்து கல்லாவில் உட்கார்வதற்குள் மறுபடி போன். இம்முறை அவர் குரல் மாறியிருந்தது. "யாரோ அணைக்காவ காக்கா."

நான் மீட்டர் அறையில் நுழைந்தபோது செல்வம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். ஓடவில்லை, மறைக்கவும் இல்லை.

"ஏசி காத்துதான் பாய் எல்லாப் பக்கமும் கொண்டுபோவுது. எனக்குத் தெரியும், என் தொழிலே அதான். என் பொண்டாட்டி மேல இருக்கா பாய்."

அந்த ஃபிளாட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜன்னல் ஏசி. ஒன்றின் காற்று இன்னொன்றுக்குப் போக வழியே இல்லை. அது அவருக்குத் தெரியாததா? தெரிந்த எதுவும் அன்று அவருக்கு உதவவில்லை. நான் அவர் கையைப் பிடித்துப் பின் சந்துக்கு அழைத்துப் போனேன். ஜன்னலில் நின்ற ஜெசிந்தா அவரைத் திட்டுவார், கெஞ்சுவார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை.

"தம்பி, உன் வீட்டுக்காரிக்கு எத்தனாவது பிரசவம்?"

"முதல் பிரசவம்."

"வேலி போட்ருக்கு. வலி வந்தா வண்டி வர எவ்வளவு நேரம் ஆகும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்தக் கட்டடத்துல பிரசவம் பார்க்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். என்னை இந்தச் சூட்டுல வேக வச்சுட்டா யாரைக் கூப்பிடுவ?"

செல்வம் மேலே பார்த்தபடியே இருந்தார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தச் சுவிட்சை யாரும் தொடவில்லை. அவர் மனைவியை உரிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது, பெண் குழந்தை பிறந்தது. ஜெசிந்தாவைக் கூப்பிட வேண்டிய நிலையே வரவில்லை. ஆனால் அன்று சந்தில் அவர் பேசிய குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதில் இரக்கம் துளிகூட இல்லை. தன் உயிருக்கு என்ன விலை என்பதை அவர் செல்வத்துக்கு எடுத்துச் சொன்னார், அவ்வளவுதான்.

சில நாட்கள் கழித்து, காலை வாளி இறங்கி வந்தபோது கயிறு சற்று அசைந்துகொண்டே இருந்தது.

"காக்கா, இனிமே ஒரு ஆளுக்குக் குறைச்சு அனுப்புங்க."

இறந்தவருக்காகச் சொல்லும் இன்னா லில்லாஹியை வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். "தில்ருக்ஷி," என்றார் அவரே. "கடைசில தண்ணி கேட்டா. குடுத்தேன். கதவு திறந்திருக்கான்னு கேட்டா." ஜன்னல் விளிம்பைத் துடைத்தார். "திறந்திருக்குன்னு சொல்லிட்டேன்." ஜன்னல் மூடியது.

உடலை எடுத்துப்போக வெள்ளை உடை அணிந்தவர்கள் வந்தார்கள். கதவின் சங்கிலியைப் பார்த்து, யார் பூட்டியது என்று அரபியில் கேட்டார் அவர்களில் ஒருவர். படிக்கட்டு முழுக்க ஆட்கள், ஒருவர் வாயும் திறக்கவில்லை. மஹ்மூத் சாவியைத் தேடிச் சட்டைப் பைகளையெல்லாம் தடவினார். வந்தவர்கள் காத்திருக்கவில்லை, வெட்டிவிட்டார்கள். அறுந்த சங்கிலி படியில் விழுந்து ஒவ்வொரு படியாகக் கீழே உருண்டது. மோசமாக இருந்த இரண்டு பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் இருவரும் பிழைத்தார்கள். மற்றவர்களோடு ஜெசிந்தா அங்கேயே இருந்தார், எல்லோருக்கும் காய்ச்சல் இறங்கும்வரை. கடைசியாக அது அவருக்கு வந்தது. எழுந்துவிட்டார், ஆனால் மூச்சு பழையபடி திரும்பவே இல்லை.

அவர் அந்த ஃபிளாட்டை விட்டு வெளியே வந்த நாளில் படிக்கட்டில் நின்றவர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். நோய்க்குப் பயந்தா, அவருக்குப் பயந்தா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வேலி எடுக்கப்பட்ட பிறகு நடந்ததுதான் அவரை அதிகம் வருத்தியது. கதை பரவிவிட்டது. ஜலீப், சால்மியா என்று குவைத்தின் மற்றப் பகுதிகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சீக்கான பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, தலையில் கை வையுங்கள் சிஸ்டர் என்று அறை வாசலில் நின்றார்கள். "நான் நர்ஸ். பிள்ளைக்குக் காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க," என்று விரட்டினார். ஜெபக்கூட்டத்துப் பெண்களில் ஒருத்தி ஒருநாள் என் கடையில் வைத்தே, "நீங்கதான்க்கா எங்களுக்கு வெர்தியானா," என்று அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள். ஜெசிந்தா கையை உருவிக்கொண்டார். அவர் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"அவிய தானாப் போய் உள்ள உக்காந்தாவ. ஊரே பாட்டுப்பாடி அனுப்புச்சு. அந்தப் பிள்ளையள யாரோ பூட்டுனாவ. ரெண்டும் ஒண்ணாடி? தில்ருக்ஷிட்ட போய்ச் சொல்லு, நீ ஒரு தவம் செஞ்சன்னு."

கடையில் நின்றவர்கள் சாமான் வாங்காமலே வெளியேறினார்கள். அவர் பயறுச் சாக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு சீராகும்வரை நின்றார்.

அதன் பிறகு அவர் அறைக் கதவு சாத்தப்பட்டதே இல்லை. நிலையிடுக்கில் ஒரு பழைய செருப்பைச் செருகி வைத்திருப்பார். ரோஸ்லின் உடை மாற்றுவதற்குக்கூடத் திரை போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. "கதவு இல்லாத வீட்டுல இருக்கமாதிரி இருக்கு காக்கா," என்று அலுத்துக்கொள்வாள், ஆனால் அந்தச் செருப்பை அவளும் எடுக்கவில்லை. முப்பது ஆண்டுகள் சுவருக்குள் இருந்த ஒருத்தியை அவ்வளவு நேசித்தவர், ஒரு தாழ்ப்பாள் சத்தத்தைத் தாங்க முடியாதவராகிப்போனார்.

கடைசியாக அவரைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். அவர் பல ஆண்டுகள் டூட்டி பார்த்த அதே வார்டில் ஒரு கட்டில். மூக்கில் குழாய். தாழ்ந்த குரலில், பக்கத்துக் கட்டில் நோயாளிக்கு டிரிப் தீரப்போகிறது என்று நர்ஸைக் கூப்பிட்டு என்னைச் சொல்ல வைத்தார். பிறகு அவராகவே விட்ட கதையைத் தொடர்ந்தார்.

"அந்தப் பாம்பு ரெண்டையும் பத்திக் கேட்டியளே. ஊருக்குக் கடைசில தெரிஞ்சிபோச்சு காக்கா. ஒண்ணை அடிச்சுக் கொன்னுட்டாவ. இன்னொண்ணு போனது திரும்பி வரல. வெர்தியானா அழுதாவளாம். அதுக்கப்புறம் ரொம்ப நாள் இருக்கல."

"அடிச்ச பாம்புக்காக எதுக்கு அழணும் சிஸ்டர்?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த வீட்டுக்குள்ள எனக்கு ரெண்டு பயம் இருந்துச்சு. இவளுவ செத்துருவாளுவன்னு ஒண்ணு. இவளுவ பிழைச்சு நான் மட்டும் செத்துருவேன்னு ஒண்ணு. ரெண்டும் என் தட்டுலதான் சாப்பிட்டுச்சு. யார்ட்டயும் சொல்லல. இப்ப ரெண்டும் போயிருச்சு. அவிய எதுக்கு அழுதாவன்னு இப்பதான் தெரியுது."

வெர்தியானா எப்படி இறந்தாள் என்று கேட்டேன். ஊரிலிருந்த கோயில் மணிகளெல்லாம் தாமாக அடித்தன, ஓடிப்போய்ச் சுவரை உடைத்துப் பார்த்தால் முழந்தாளிட்டபடி போயிருந்தாள் என்றார். "மணி அடிச்சுதோ இல்லியோ. ஆனா சுவரை உடைச்சாவ பாருங்க, அதை முன்னாலயே செஞ்சிருக்கலாம்," என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

உடலை ஊருக்கு அனுப்பும் முன் பிணவறைக்கு வெளியே கொஞ்சப் பேர் நின்றோம். ரோஸ்லின், ஜெபக்கூட்டத்துப் பெண்கள், அந்த ஃபிளாட்டில் பிழைத்தவர்களில் மூன்று பேர். மஹ்மூத் தூரத்தில் வண்டிகளுக்கு நடுவே நின்றார். செல்வமும் வந்திருந்தார். என் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: "அவங்க என்கிட்ட ஒருதடவைகூட அந்தப் பூட்டப் பத்தி, சுவிட்சப் பத்திக் கேக்கல பாய். படியில பார்த்தா, பாப்பா எப்படி இருக்குன்னுதான் கேப்பாங்க. ஒருதடவ கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும்." பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். அவரவர் முறைப்படி வேண்டிக்கொண்டோம்.

அவருக்காக மலர் போடலாம், மண்டபம் எடுத்துக் கூட்டம் நடத்தலாம் என்றெல்லாம் பேசுகிறீர்கள். நடத்துங்கள். என்னிடம் அவர் விட்டுப்போனது ஒரு பழக்கம். சாமான் கொடுக்கப் போகும் கட்டடங்களில் வெளிப்பக்கம் தாழிட்ட கதவைக் கண்டால் நின்று ஒருதரம் தட்டுவேன். பெரும்பாலும் பதில் வராது. பழைய சாமான் அறையாக இருக்கும், ஊருக்குப் போனவர்களின் வீடாக இருக்கும்.

போன வாரம் அடுத்த தெருவில் ஒரு கட்டடத்தின் மேல்மாடிக்குத் தண்ணீர் கேன் கொண்டுபோனேன். மாடிப்படி முடியும் இடத்தில் ஒரு சின்னக் கதவு. வெளியே தாழ் போட்டு, அதில் பூட்டு. தட்டினேன். உள்ளேயிருந்து பதிலுக்கு ஒரு தட்டு வந்தது.

அப்படியே நின்றேன். மறுபடி தட்டினேன். மறுபடி வந்தது. கோன் ஹை, யார் அது என்று இந்தியில் கேட்டேன். பானி, தண்ணீர் என்றது ஒரு பெண்குரல். வீட்டுக்காரி வெளியே போயிருக்கிறாள், வேலைக்காரப் பெண்தான் உள்ளே, அது வழக்கம்தான், நீ போ பாய் என்றான் எதிர் ஃபிளாட்டிலிருந்து எட்டிப் பார்த்தவன். போலீஸுக்குப் போன் செய்தேன். கேனைக் கதவோரம் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். வெயில் மாடிக் கண்ணாடி வழியே இறங்கியது. வீட்டுக்காரி முதலில் வந்தாள். யாரைக் கேட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கத்தினாள், என் கடையின் பெயரைக் கேட்டாள். சொன்னேன். இனி அந்தத் தெருவில் என்னிடம் யாரும் தண்ணீர் வாங்காமல் போகலாம். போலீஸ்காரர் படியேறி வரும் பூட்ஸ் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் சாவியை எடுத்தாள்.

கதவு திறந்தது. உள்ளே இருந்த பெண் எங்கள் யாரையும் பார்க்கவில்லை, படிக்கட்டைத்தான் பார்த்தாள். போலீஸ்காரர் வழிவிட்டு ஒதுங்கினார். அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். நான் பின்னால் போனேன்.

ஜெசிந்தா சிஸ்டரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதுதான். தட்டுவது. உள்ளேயிருந்து பதில் வந்தால், கதவு திறக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகராமல் இருப்பது.